‘ஒருதலைக் காதல்’ என்னும் பெயரில் மறையும் குற்றம்

காதலை ஏற்க மறுத்த பெண்ணை ஓர் ஆண் கைப்பேசியிலும் சமூக ஊடகங்களிலும் விடாமல் தொல்லைப்படுத்தும் செய்தி பெரும்பாலும் ‘ஒருதலைக் காதல்’ என்ற தலைப்பிலேயே வெளியாவதால், குற்றம் அன்பின் மிகுதிபோலத் தோற்றம் கொண்டுவிடுகிறது. இந்தியச் சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354டி பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவும், விருப்பமின்மையைப் பெண் தெளிவாக உணர்த்திய பின்னரும் நெருக்கத்தை நாடி அவரை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதையும், அவரது இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் ‘பின்தொடர்தல்’ என்னும் குற்றமாக வரையறுக்கின்றன. மறுப்புக்கு அவர் காரணம் கூற வேண்டியதில்லை. மிரட்டலோ ஆபாசமோ இன்றி, கெஞ்சும் மொழியில் ஓயாமல் வரும் செய்திகளும் இவ்வரையறைக்குள் அடங்கும்.

எண்ணைத் தடை செய்தால் புதிய எண்ணிலிருந்தும், கணக்கைத் தடை செய்தால் போலிக் கணக்கிலிருந்தும் தொல்லை திரும்பி வருகிறது. இவற்றினும் கொடியது, பெண்ணின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஆபாச விளம்பரம்போலப் பரப்பிவிட்டு, முன்பின் அறியாதவர்களைக் கொண்டே அவரை அலைக்கழிக்கும் முறையாகும். தன்னை மணக்க மறுத்த பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, யாகூ குழுக்களில் இவ்வாறு செய்த ஒருவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று இரண்டாண்டு கடுங்காவல் தண்டனை விதித்தது. மின்னணு வடிவிலான ஆபாசத்தைத் தண்டிக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் வழங்கப்பட்ட முதல் தண்டனையாக அது கருதப்படுகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில் அளிக்கப்பட்ட புகாருக்கு அதே ஆண்டில் தீர்ப்புக் கிடைத்தது என்பது இன்றும் நினைவுகூரத்தக்கது.

78ஆம் பிரிவில் குறைகளும் உள்ளன. முதல் முறை குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டெனினும் அது பிணையில் விடத்தக்கது என்பதால், கைதானவர் விரைவில் வெளிவந்து மீண்டும் கைப்பேசியைக் கையிலெடுக்க வழியிருக்கிறது. பாதிக்கப்படுபவர் பெண்ணாயிருந்தால் மட்டுமே இப்பிரிவு பொருந்துவதால், இதே துன்பத்திற்கு ஆளாகும் ஆண்கள் வேறு பிரிவுகளையே நாட வேண்டியுள்ளது.

சட்டத்தின் குறையைவிட வழக்கைப் பெரிதும் நலிவுறச் செய்வது வெட்கம். அருவருப்பினால் செய்திகளை அழித்துவிடும் பெண் தம் சான்றையே இழக்கிறார். ஆகவே, தேதியும் அனுப்பியவரின் கணக்கும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பதோடு, மூலச் செய்திகள் உள்ள கைப்பேசியையும் மாற்றாமல் காப்பது நல்லது. செய்தி வந்ததற்காக மகளின் கைப்பேசியைப் பறித்துப் படிப்பை நிறுத்தும் பெற்றோர், தொல்லை கொடுத்தவன் விரும்பிய தண்டனையைத் தாமே நிறைவேற்றுகின்றனர். அவர்கள் செய்ய வேண்டியது மகளுடன் காவல் நிலையத்திற்குச் செல்வதே. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம், 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.