சாட்சியமாகும் ஆவணப்படம்

ஆவணப்படம் என்பது ஒருவகைச் சாட்சியமே. கண்டதைக் கண்டவாறு உரைத்தல், அறிந்ததை மறைக்காதிருத்தல், வந்த செய்தியை ஆராய்ந்து ஏற்றல் ஆகியன ஷஹாதத் எனும் சாட்சியத்திற்கு ஷரீஅத் வகுத்துள்ள நெறிகளுள் தலையாயவை. அரசியல் ஆவணப்படம் ஒன்று மக்களிடையே விவாதத்தை எழுப்புவது எவ்வாறு என்பதை இந்நெறிகளின் ஒளியில் நோக்குவோம்.

ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ பாபரி மஸ்ஜித் இடிக்கப்படுவதற்கு முன்பே உருவான படம். 1990இல் நடந்த ரத யாத்திரையையும் அயோத்தி நிகழ்வுகளையும் அது பதிவு செய்தது. நீதிமன்றத்தால் நியமிக்கப்பட்ட பூசாரியான லால்தாஸே அதில் தோன்றி, கோயிலின் பெயரால் நடைபெறும் அரசியலைக் கண்டித்தார். 1993இல் அவர் கொலையுண்டார். தேசிய விருது பெற்ற அப்படத்தை ஒளிபரப்பத் தூர்தர்ஷன் மறுத்தது. இயக்குநர் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடியே அவ்வுரிமையைப் பெற்றார்.

இங்குதான் விவாதத்தின் இயல்பு புலப்படுகிறது. படத்தைக் காட்டலாமா, கூடாதா என்ற வினா, படம் பார்க்காதவரையும் பேசவைக்கிறது. குஜராத் கலவரம் குறித்த ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ 2004இல் தணிக்கை வாரியத்தால் தடுக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டே அனுமதி பெற்றது. 2023 ஜனவரியில் பி.பி.சி. படத்தின் இணைப்புகள் முடக்கப்பட்டபோதும் பல்கலைக்கழக மாணவர்கள் கூடி அதனைப் பார்த்தனர்.

இப்படங்களை நாம் வரவேற்றோம். அவை நமக்கிழைக்கப்பட்ட அநீதியைப் பேசின. ஆனால், நம் மண்ணைப் பற்றிய படத்தை எவ்வாறு வரவேற்கிறோம்?

1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற படத்தை எடுத்தார். சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறார்களே அதன் பொருள். விடியுமுன் ஆலைப் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளை ஏற்றிவந்த காலம் அது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழில்களில் 14 வயது நிரம்பாதோரைத் தடுத்தது. எனினும் குடும்பத்தார் நடத்தும் தொழிற்கூடங்களுக்கு விலக்களித்தது. சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

ஆலங்குளம் போன்ற நம் கரிசல் ஊர்களில் இப்பேச்சு எழும்போதெல்லாம், ‘வானம் பார்த்த பூமியில் இந்தத் தொழிலும் போனால் எங்கே போவது? ஊர்ப் பெயரைக் கெடுக்கிறார்களே!’ என்பார் உண்டு. முன்னது நியாயமான கவலை. பெரியவர்களுக்கு வேலையும் கூலியும் உறுதியானாலன்றித் தீராது. பின்னது சாட்சியத்தை மறைப்பதற்கான சாக்கு.

செய்தி வந்தால் ஆராய்ந்து தெளியுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயம் (49:6) பணிக்கிறது. ஆவணப்படத்திற்கும் இது பொருந்தும். எதைக் காட்டினர், எதை விட்டனர், எவரைப் பேசவிட்டனர் என்று வினவுதல் நம் கடமை. நமக்கே எதிரானதாயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டுமென அன்-நிஸா (4:135) கட்டளையிடுகிறது. அயோத்திப் படத்திற்கு ஓர் அளவுகோலும் சிவகாசிப் படத்திற்கு வேறோர் அளவுகோலும் கொள்வோமாயின், முன்னதற்காக நாம் எழுப்பிய குரலும் வலுவிழந்துவிடும்.