நாற்பது கிலோ கல்லும் நாலு துண்டும்

ஹாஸ்டலில் கரண்ட் போனால் நாம் என்ன செய்வோம்? மொபைலில் சார்ஜ் இருக்கிறவரை அதைப் பார்ப்போம். அதுவும் தீர்ந்தால் வராந்தாவில் உட்கார்ந்து புதிர் போட ஆரம்பித்துவிடுவோம். அப்படி நான் போட்டு, மூன்று நாள் எங்கள் ரூமில் யாரையும் தூங்கவிடாத புதிரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னது. மூன்று நண்பர்கள் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு 100 வீதம் 300 ரூபாய் கொடுத்தார்கள். பில் 250தான். மீதி 50-ஐக் கொண்டுவந்த சர்வர் ஆளுக்கு 10 ரூபாய் கொடுத்துவிட்டு 20-ஐத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆக, ஆளுக்கு 90 வீதம் 270. சர்வரிடம் 20. கூட்டினால் 290. மிச்சம் 10 ரூபாய் எங்கே? எங்கேயும் போகவில்லை! கல்லாவில் 250, சர்வர் பையில் 20, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த 270. கழிக்க வேண்டியதைக் கூட்டச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். ஒரு தடவை சிரிக்கலாம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த புதிர் என் அப்பா சொன்னது. அப்பா வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. அட்மிஷன் அன்று அவர் கைநாட்டு வைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இங்கே எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் வருஷ லீவில் ஒருநாள் ராத்திரி அப்பா கேட்டார்: "ஒரு வியாபாரிகிட்ட 40 கிலோ கல்லு ஒண்ணு இருந்துச்சு. கீழ விழுந்து நாலு துண்டாயிருச்சு. அந்த நாலை வச்சே 1 கிலோவுல இருந்து 40 கிலோ வரைக்கும் எத்தனை கிலோ கேட்டாலும் நிறுத்துக் குடுத்தான். துண்டு ஒவ்வொண்ணும் எத்தனை கிலோடா?"

நான் பேப்பர் எடுத்தேன். ஒரு கல்லைத் தட்டில் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அதாவது இரண்டு வழி. நாலு கல்லுக்கு 2×2×2×2 = 16. எதுவுமே வைக்காததைக் கழித்தால் 15 எடைதான் வரும். "முடியாதுப்பா, குறைஞ்சது ஆறு கல்லு வேணும்" என்று பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன்.

அப்பா சிரித்தார். "வெங்காயம் இருக்குற தட்டுல கல்லை வைக்கக் கூடாதுன்னு உனக்கு யார்றா சொன்னா?"

அவ்வளவுதான் நண்பர்களே! யாருமே சொல்லவில்லை. நானாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது. இப்போது ஒரு கல்லுக்கு மூன்று வழி: இந்தத் தட்டு, அந்தத் தட்டு, கீழே. 3×3×3×3 = 81. எதுவும் வைக்காத ஒன்றைக் கழித்தால் 80. இடம் வலம் மாறினாலும் எடை அதேதான் என்பதால் அதில் பாதி, சரியாக 40! துண்டுகள் 1, 3, 9, 27. இரண்டு கிலோ வேண்டுமா? சரக்கோடு 1-ஐ வைத்து எதிரில் 3-ஐ வையுங்கள். 14 வேண்டுமென்றால் எதிரில் 27, சரக்கோடு 9, 3, 1. 20-க்கு எதிரில் 27, 3. சரக்கோடு 9, 1. மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள், 40 வரை எதுவும் தப்பாது.

இத்தாலியில் ஃபிபோனாச்சி 1202-ல் எழுதிய கணக்கு நூலிலேயே இந்த நாலு எடைக்கல் இருக்கிறதாம். அது எங்கள் ஊர் மண்டிக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அப்பா, "எங்க கங்காணி சொன்னாரு" என்பார். மண்டியில் இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. பழைய எடைக்கற்கள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

சரி, உங்களுக்கு ஒன்று. ஒரே மாதிரி 9 போல்ட். ஒன்று மட்டும் எடை குறைவு. எடைக்கல் கிடையாது, தராசு மட்டும் உண்டு. இரண்டே தடவையில் கண்டுபிடிக்க வேண்டும். அது முடிந்தால் அடுத்தது: 12 போல்ட், தப்பான ஒன்று கூடுதலா குறைவா என்றே தெரியாது, மூன்று தடவை. விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்!

ஒன்பதை அப்பா ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். பன்னிரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் "சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டேன். "சொல்லிறாதடா!" என்று போனை வைத்துவிட்டார்.