கனடாத் தமிழ் முதியோரும் குளிர்காலமும்

கனடாத் தமிழ் முதியோரின் குளிர்காலத் தகவமைவு என்பது, யாழ்ப்பாணம் முதலிய வெப்பமண்டல இடங்களில் வாழ்ந்து, பணி ஓய்வுக்குப் பின்னர் கனடாவிலுள்ள தம் பிள்ளைகளுடன் வந்து சேர்ந்த முதியோர், அந்நாட்டின் நீண்ட குளிர்காலத்துக்கு ஏற்பத் தமது உடை, உணவு, நடமாட்டம், அன்றாட ஒழுங்கு ஆகியவற்றை மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். முதுமையில் உடல் குளிருக்குத் தானாகப் பழகும் ஆற்றல் குறைவு. ஆகவே இத்தகவமைவு பெரும்பாலும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பழக்கங்களாலும், குடும்பமும் சமூகமும் செய்யும் ஏற்பாடுகளாலுமே நிகழ்கின்றது. குளிருக்கு அஞ்சி மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதும், ஆயத்தமின்றி வெளியே செல்வதும் முதியோரின் நலத்தைப் பாதிக்கக் கூடியவை.

பின்னணி

இலங்கையில் 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர் பெருந்தொகையான தமிழர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தனர். இவர்களில் பெரும்பாலானோர் ரொறன்ரோவிலும், ஸ்காபரோ, மார்க்கம் முதலிய அதன் பகுதிகளிலும் அயல் நகரங்களிலும் குடியேறினர். மொன்றியலிலும் கணிசமானோர் வாழ்கின்றனர். பல குடும்பங்களில் முதலில் இளையோர் வந்து, வேலையும் வதிவுரிமையும் பெற்ற பின்னர், குடும்ப வகுப்புக் குடிவரவின் கீழ்ப் பெற்றோரை அழைத்துக்கொண்டனர். இதனால் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கமக்காரர்கள் எனப் பலர் தமது அறுபது, எழுபது வயதுகளிலேயே முதன்முதலாகப் பனிப்பொழிவைக் கண்டனர்.

பெற்றோரை அழைக்கும் பிள்ளைகள் அவர்களது வாழ்க்கைச் செலவுக்குப் பொறுப்பேற்பதாக அரசுடன் உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். இப்பொறுப்புக் காலம் முன்னர் 10 ஆண்டுகளாக இருந்தது. 2014 ஜனவரியில் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் இது 20 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தைப் பெற 65 வயது நிறைவதுடன், பொதுவாகக் கனடாவில் 10 ஆண்டுகள் வாழ்ந்திருக்கவும் வேண்டும். ஆகவே புதிதாக வந்த முதியோர் குளிரங்கி, சப்பாத்து, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கும் பிள்ளைகளின் வருமானத்தையே எதிர்பார்க்கும் நிலை உண்டு. தமக்கு வேண்டிய குளிர் உடையைக் கேட்டு வாங்கத் தயங்குவதும் இதனாலேயே.

2011 டிசம்பரில், நீண்டகாலம் தங்கிச் செல்லும் பெற்றோருக்கான சிறப்பு வருகை அனுமதி அறிமுகமானது. இவ்வனுமதியில் வருவோருக்கு மாகாண அரசின் இலவச மருத்துவக் காப்பீடு இல்லை. தனியார் காப்பீடு கட்டாயமாகும். எனவே பனியில் வழுக்கி எலும்பு முறிவது இவர்களுக்கு உடல் துன்பமாக மட்டுமன்றிப் பணச் சிக்கலாகவும் மாறக்கூடும்.

காலநிலை வேறுபாடு

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டிலும், ரொறன்ரோ ஏறத்தாழ 43.7 பாகை வட அகலக்கோட்டிலும் அமைந்துள்ளன. யாழ்ப்பாணத்தில் ஜனவரி மாத இரவுகளிலும் வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசுக்குக் கீழே செல்வதில்லை. ரொறன்ரோவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 4 பாகை ஆகும். சில இரவுகளில் அது -20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு.

பகற்பொழுதின் நீளமும் வேறுபடுகின்றது. டிசம்பர் இறுதியில் யாழ்ப்பாணத்தில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் நீடிக்க, ரொறன்ரோவில் அது 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளது. மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகின்றது. பிள்ளைகள் வேலைக்குப் புறப்படும்போதும் திரும்பும்போதும் இருட்டாக இருப்பதால், அவர்கள் அழைத்துச் சென்றாலன்றி வெளியே செல்லாத முதியோர் வெயிலைக் காணாமலே வேலைநாட்களைக் கழிக்க நேரிடுகின்றது.

கனடாவின் வானிலை அறிக்கைகளில் வெப்பநிலையுடன் காற்றுக்குளிர்ச் சுட்டெண்ணும் தரப்படுகின்றது. காற்று உடலின் வெப்பத்தை விரைவாக அகற்றுவதால் தோலில் உணரப்படும் குளிரை இவ்வெண் காட்டுகின்றது. இது -28க்குக் கீழே இறங்கினால், மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். -40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடங்களே போதுமானது. வெளியே செல்வதா என்பதை வெப்பநிலையை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், இச்சுட்டெண்ணையும் பார்த்து முடிவு செய்தல் வேண்டும்.

முதுமையும் குளிரும்

குளிரில் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்குவதாலும், தசைகள் நடுங்குவதாலும் உடல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றது. முதுமையில் இவ்விரு செயல்களும் மந்தமடைகின்றன. தசையும் தோலின் கீழுள்ள கொழுப்பும் குறைகின்றன. குளிர்கின்றது என்னும் உணர்வும் தாமதமாகவே ஏற்படலாம்.

- உடல்வெப்பக் குறைவு: உடலின் உள் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது. நடுக்கம், பேச்சுக் குழறல், தடுமாற்றம், தூக்கக் கலக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். முதியோரில் நடுக்கம் தோன்றாமலும் போகலாம். தடுமாற்றத்தை முதுமையின் மறதி என்று வீட்டார் தவறாகக் கருதிவிடும் வாய்ப்பு உண்டு. வெப்பம் போதாத அறையினுள்ளும் இது ஏற்படலாம்.
- பனிக்கடி: விரல், மூக்கு, காது ஆகியவற்றின் தோலும் தசையும் உறைந்து பாதிக்கப்படுவது. நீண்டகால நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதை அறியாதிருக்கக்கூடும். பாதிக்கப்பட்ட இடத்தில் தைலம் பூசித் தேய்ப்பதும், அடுப்பில் காய்ச்சுவதும் தீங்கு விளைவிக்கும். இளஞ்சூட்டு நீரில் மெதுவாக வெப்பமேற்றி மருத்துவ உதவி பெறவேண்டும்.
- இதய நோய்: குளிரில் குருதி அமுக்கம் உயர்கின்றது. வாசலில் குவிந்த பனியை அள்ளுவது கடும் உழைப்பாகும். வீட்டில் சும்மா இருப்பதாக எண்ணி உதவ முற்படும் முதியவர்களுக்கு, குறிப்பாக இதய நோய் உள்ளோருக்கு, இது மாரடைப்பை ஏற்படுத்தக்கூடும்.

உடை

குளிருக்குத் தடித்த ஓர் உடையை விட, மெல்லிய பல உடைகளை அடுக்காக அணிவதே சிறந்தது. அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெப்பம் வெளியேறாமல் தடுக்கின்றது. உடலை ஒட்டிய உள்ளடுக்கு வியர்வையை உறிஞ்சி வெளியே கடத்த வேண்டும். நடு அடுக்காகக் கம்பளியும், வெளி அடுக்காகக் காற்றும் ஈரமும் புகாத அங்கியும் பொருத்தமானவை. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளடுக்குக்கு ஏற்றதன்று.

சேலை, வேட்டி அணிந்து பழகியோர் அவற்றை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. சேலையின் உள்ளே உடலொட்டிய நீளக் காற்சட்டையும் முழுக்கை உள்ளாடையும் அணிந்து, மேலே முழங்காலுக்குக் கீழ் வரும் குளிரங்கி அணிவது வழக்கமாகியுள்ளது. எனினும் பனியில் இழுபடும் சேலைக் கரை நனைந்து உறைவதுடன் காலையும் தடக்கும் என்பதால், வெளியே செல்லும்போது காற்சட்டை அணிவோரும் உள்ளனர். விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை, விரல் பிரித்த கையுறையை விடக் கூடிய வெப்பம் தரும்.

வழுக்கி விழுதல்

குளிர்காலத்தில் முதியோருக்கு ஏற்படும் பெரும் இடர்களுள் வழுக்கி விழுதலும் ஒன்று. பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாகப் பாதையில் படிகின்றது. இது கறுப்புப் பனி எனப்படும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் முன்போல் நடப்பது பலருக்கு இயலாமற் போகின்றது.

சப்பாத்து தடிப்பாக இருப்பதால் மட்டும் வழுக்காது என்று கூறமுடியாது. ரொறன்ரோ மறுவாழ்வு நிறுவகம் பனித்தளம் கொண்ட ஆய்வுகூடத்தில் சப்பாத்துக்களைச் சோதித்து, வழுக்காத் தன்மைக்கு ஏற்பப் பனித்துகள் குறிகளை வழங்கி வருகின்றது. 2016 இல் வெளியான அதன் முதல் முடிவுகளில், சோதிக்கப்பட்ட 98 வகைகளில் 8 வீதமானவையே ஆகக்குறைந்த தரத்தை எட்டின.

பனியில் நடக்கையில் பென்குயின் பறவையைப் போலச் சிறு அடிகளாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது. கைகளைச் சட்டைப்பையில் இடாமல் இருப்பது சமநிலைக்கு உதவும். கோயில்களில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் உருகிய நீர் தேங்குவதால், அங்கு அமர்ந்து கழற்றுவதும், மாற்றுவதற்கு உலர்ந்த காலுறை ஒன்றை எடுத்துச் செல்வதும் நன்று.

வீடு

தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பெற்றோருக்கு நிலக்கீழ் அறை ஒதுக்கப்படுகின்றது. இவ்வறைகள் மேல் மாடிகளை விடக் குளிரானவை, வெளிச்சமும் குறைந்தவை. வெப்பநிலைச் சீராக்கி மேல் மாடியில் இருப்பின் அது காட்டும் அளவு கீழறைக்குப் பொருந்தாது. ஆகவே முதியவர் உறங்கும் அறையிலேயே ஒரு வெப்பமானி வைப்பது பயனுள்ளது. வாடகை வீடுகளில் வெப்பமூட்டுவது உரிமையாளரின் பொறுப்பாயின், குளிர் மாதங்களில் ஆகக்குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என ரொறன்ரோ மாநகரின் விதி கூறுகின்றது.

2013 டிசம்பரில் ஏற்பட்ட பனிக்கட்டிப் புயலின்போது ரொறன்ரோவில் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில இடங்களில் மின்சாரம் மீள ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இத்தகைய வேளைகளில் வீட்டினுள் கரியடுப்பு மூட்டுவது உயிராபத்தானது. ஊரில் காற்றோட்டமான குசினியில் விறகும் கரியும் எரித்துப் பழகியோர், காற்றுப் புகாதவாறு அடைக்கப்பட்ட வீட்டில் மணமற்ற காபன் ஓரொட்சைட்டு வாயு சேர்வதை உணரமாட்டார்கள். எரிபொருளால் வெப்பமூட்டும் வீடுகளில் இவ்வாயுவை அறிவிக்கும் கருவி இருக்கவேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டமாகும்.

உணவும் விற்றமின் டியும்

ரொறன்ரோவின் அகலக்கோட்டில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை தோலில் விற்றமின் டி மிகக் குறைவாகவே உருவாகின்றது. முதிய தோலும் கருமையான தோலும் அதைக் குறைவாகவே உற்பத்தி செய்வன. இதன் குறைபாடு எலும்பையும் தசையையும் வலுவிழக்கச் செய்யும். கனடாவில் 70 வயதுவரை நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகும், அதற்கு மேல் 800 அலகும் பரிந்துரைக்கப்படுகின்றன. கனடாவில் விற்கப்படும் பசுப்பாலில் இவ்விற்றமின் சேர்க்கப்படுகின்றது. கொழுப்பு மிகுந்த மீன்களிலும் இது உண்டு. மாத்திரையாக எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வெப்பமூட்டிய வீட்டின் காற்று வறண்டிருப்பதால் தோல் வெடிப்பும் நீரிழப்பும் ஏற்படுகின்றன. குளிரில் தாகம் தோன்றாவிடினும் நீர் அருந்துதல் அவசியம்.

தனிமையும் நடமாட்டமும்

யாழ்ப்பாணத்து வாழ்வில் முற்றம், விறாந்தை, படலை, கோயில் வீதி ஆகியன முதியோர் பிறருடன் பேசிப் பழகும் இடங்கள். அங்கு ஒருவரைச் சந்திக்க முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை. கனடாவின் குளிர்காலத்தில் கதவுகளும் யன்னல்களும் மூடப்பட்டிருக்க, ஒவ்வொரு சந்திப்புக்கும் உடையும், வாகனமும், அழைத்துச் செல்ல ஒருவரும் தேவைப்படுகின்றனர். ஆங்கிலம் பேசாதோருக்கும் வாகனம் ஓட்டாதோருக்கும் இது மேலும் கடினம். குறைந்த வெளிச்சமும் சிலருக்கு மனச்சோர்வை ஏற்படுத்துகின்றது. நடவாதிருப்பதால் தசை தளர்ந்து, இளவேனிலில் வெளியே வரும்போது விழும் வாய்ப்பும் கூடுகின்றது.

இதனால் தனியாகப் பேருந்தில் சென்று திரும்பப் பழகுவது, தடித்த அங்கி வாங்குவதற்கு ஒப்பான முக்கியத்துவம் உடையது. அங்காடித் தொகுதிகளின் உட்புற நடைபாதைகளில் காலையில் நடப்பது, பொது நூலகங்களில் தமிழ் நூல்களைப் படிப்பது, முதியோர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்வது, கோயில் அல்லது தேவாலய வழிபாட்டில் கலந்துகொள்வது ஆகியன வழக்கமான குளிர்கால நடவடிக்கைகள். ஒன்ராறியோவில் 211 என்னும் தொலைபேசி எண் மூலம் அருகிலுள்ள சமூக சேவைகளை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் அறியலாம்.

சூரியனுக்கு நன்றி கூறும் தைப்பொங்கல் ரொறன்ரோவின் மிகக் குளிரான நாட்களில் வருகின்றது. முற்றத்தில் கோலமிட்டு அடுப்பு மூட்டிப் பொங்கியவர்கள் இங்கு குசினி அடுப்பில் பொங்கி, யன்னலூடாகச் சூரியனுக்குப் படைக்கின்றனர். கோயில் தேர்த்திருவிழாக்கள் பெரும்பாலும் கோடையில் நடத்தப்படுகின்றன.

குளிர்காலத்தில் ஊர் திரும்புதல்

2009 இல் போர் முடிவுற்ற பின்னர், வசதியுள்ள முதியோர் சிலர் குளிர்காலத்தை இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ கழித்து இளவேனிலில் திரும்புகின்றனர். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்பீடு தொடர, எந்தவொரு 12 மாத காலத்திலும் ஆகக்குறைந்தது 153 நாட்கள் மாகாணத்தில் இருத்தல் வேண்டும். குறைந்த வருமானமுடைய முதியோருக்கான உதவித்தொகை, ஆறு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருந்தால் நிறுத்தப்படும். பேரப்பிள்ளைகளைப் பராமரிப்போரும், பயணச் செலவுக்கு வழியற்றோரும், தொடர் மருத்துவம் பெறுவோரும் ஆண்டு முழுவதும் கனடாவிலேயே தங்குகின்றனர்.