மூன்று அணிகள், ஒரே வெற்றிக் கணக்கு

சமமான புள்ளிகள் பெற்ற மூவரை எப்படி வரிசைப்படுத்துவது? விளையாட்டு விழா, வினாடி வினா, கட்டுரைப் போட்டி என எதை நடத்தினாலும் இந்தக் கேள்வி ஆசிரியர்களாகிய நம் முன் வந்து நிற்கும். எட்டாம் வகுப்பில் சராசரி பற்றிப் பேசும்போது, இதற்கு எடுத்துக்காட்டாகக் கர்லிங் என்ற குளிர்கால விளையாட்டை நான் சொல்வதுண்டு.

இருபது கிலோவுக்குச் சற்றுக் குறைவான கிரானைட் கல்லைப் பனித்தளத்தில் சறுக்கவிட்டு, மறுமுனையில் உள்ள வட்டத்தின் மையத்துக்கு மிக அருகில் நிறுத்துவதே கர்லிங். அணிக்கு நால்வர். ஒரு சுற்றில் அணிக்கு எட்டுக் கற்கள். இரு அணிகளும் மாறி மாறி விடுவார்கள். கடைசிக் கல்லை விடும் அணிக்கே அந்தச் சுற்றில் சாதகம் அதிகம். எனவே முதல் சுற்றில் அந்த வாய்ப்பு யாருக்கு என்று முடிவு செய்ய, ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வோர் அணியும் இரண்டு கற்களை மையத்தை நோக்கி விடும். மையத்திலிருந்து அவை நின்ற தூரம் சென்டிமீட்டரில் அளக்கப்படும். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கே வாய்ப்பு. யார் முதலில் ஆடுவது என்று அறியக் குழியை நோக்கிக் கோலியை உருட்டிப் பார்ப்பது போன்றதுதான் இது.

இந்தச் சிறு அளவீடு, 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலையே தீர்மானித்தது.

மகளிர் பிரிவில் 10 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒன்பது அணிகளுடன் ஒருமுறை ஆடியது. ஆக மொத்தம் 45 ஆட்டங்கள். முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். சுவிட்சர்லாந்து 8 வெற்றிகளுடன் முதலிடமும், ஸ்வீடன் 7 வெற்றிகளுடன் இரண்டாமிடமும் பெற்றன. பிரிட்டன், ஜப்பான், கனடா ஆகிய மூன்றும் தலா 5 வெற்றிகள். இருப்பதோ இரண்டு இடங்கள்.

இந்த அணிகள் தமக்குள் ஆடியபோது யார் வென்றார்கள் என்பதுதான் விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது. கனடாவை ஜப்பான் 8-5 என வென்றிருந்தது. பிரிட்டனைக் கனடா 7-3 என வென்றிருந்தது. ஜப்பானைப் பிரிட்டன் 10-4 என வென்றிருந்தது. ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. சிக்கல் தீரவில்லை.

அடுத்த விதி, ஆட்டத்துக்கு முன் விட்ட அந்தக் கற்கள். ஒன்பது ஆட்டங்களிலும் அளந்த தூரங்களில் மிக மோசமானதை நீக்கிவிட்டு, மீதிக்குச் சராசரி காண்பார்கள். சராசரி குறைந்த அணி முன்னே நிற்கும். அதன்படி பிரிட்டன் மூன்றாமிடம், ஜப்பான் நான்காமிடம். ஜெனிபர் ஜோன்ஸ் தலைமையிலான கனடா ஐந்தாமிடத்துடன் வெளியேறியது. பிறகு நடந்ததுதான் வியப்பு. மூன்றாமிடமும் நான்காமிடமும் பெற்ற அணிகளே இறுதியாட்டத்தில் மோதின. ஈவ் மியூர்ஹெட் தலைமையிலான பிரிட்டன் 10-3 என ஜப்பானை வென்று தங்கம் பெற்றது.

இங்கே மாணவர்களை நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். மூன்று அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டுங்கள். பிரிட்டனுக்கு +6, -4, ஆக +2. கனடாவுக்கு +4, -3, ஆக +1. ஜப்பானுக்கு +3, -6, ஆக -3. விதி இப்படி இருந்திருந்தால் கனடா அரையிறுதிக்குப் போயிருக்கும். வெள்ளி வென்ற ஜப்பான் வெளியேறியிருக்கும்!

"அப்படியானால் எது சரியான தரவரிசை?" என்று மாணவர்கள் கேட்பார்கள். புள்ளி வித்தியாசத்தில் ஒரு குறை உண்டு. கர்லிங்கில், இனி வெல்ல முடியாது என்று தெரிந்ததும் கைகுலுக்கி ஆட்டத்தை முடித்துக்கொள்வது வழக்கம். ஆகவே இறுதிப் புள்ளிகள் முழு வலிமையைக் காட்டாது. கல் நின்ற தூரத்திலோ எதிரணியின் குறுக்கீடு இல்லை. ஆனால் அது காட்டுவது துல்லியத்தை மட்டுமே. எதிராளியின் உத்தியை முறியடிக்கும் திறனை அது அளப்பதில்லை. ஒவ்வோர் அளவுகோலும் ஒன்றைக் காட்டும், இன்னொன்றை மறைக்கும்.

கனடாவுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் எந்த வரிசையில் எந்த விதி வரும் என்பது முதல் கல் நகரும் முன்பே எல்லா அணிகளுக்கும் தெரியும். அந்த முடிவின் நேர்மை அதில்தான் இருக்கிறது.

நம் பள்ளிப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். சமநிலை வந்தபின் நடுவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால், எவ்வளவு நியாயமாக இருந்தாலும் தோற்ற குழந்தைக்கு ஐயம் எழும். சமநிலை விதியைப் போட்டிக்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுவோம். முடிந்தால் அதை மாணவர்களையே விவாதித்து உருவாக்கச் சொல்வோம். சராசரியும் முழுக்களின் கூட்டலும் அவர்களுக்கு அப்போது பாடமாக மட்டும் இருக்காது; தங்கள் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் கருவியாகத் தெரியும்.