தூக்கக் கலக்கமா... இமை செய்யும் குறும்பா?

"என்ன மேடம், ராத்திரி சரியாத் தூங்கலையா?"

ஆபீஸில் நுழைந்ததுமே இந்தக் கேள்வி. மத்தியானம் இன்னொருத்தர், "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்பார். எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து வந்தவருக்கு எப்படி இருக்கும்! ஐம்பதைத் தொட்ட பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. குற்றவாளி, மேல் இமையில் தொங்கும் தோல்.

அசதியில் இமை சரியும். வயசாகித் தளர்ந்த தோலும் அதேபோலத்தான் சரிகிறது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. கீழ் இமையில் கொழுப்பு உப்பிவிட்டால், அழுத முகம் மாதிரி ஆகிவிடும்.

இதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு 'பிளஃபரோபிளாஸ்டி' என்று பெயர். ஜெர்மானிய சர்ஜன் ஃபான் கிரேஃபே 1818-ல் இந்தப் பெயரைச் சொன்னது அழகுக்காக அல்ல. புற்றுநோய் பாதித்த இமையைச் சீரமைப்பதற்காக! இன்று, மரத்துப்போக ஊசி போட்டு, இமை மடிப்பிலேயே கீறி, உபரித் தோலை எடுத்துத் தைக்கிறார்கள். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடலாம்.

ஆனால், ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோல் கண்ணை மறைப்பதால், பலர் தம்மை அறியாமலே புருவத்தைத் தூக்கியபடி இருப்பார்கள். நெற்றிக் கோடுகளுக்கு அதுவும் ஒரு காரணம். பாரம் குறைந்ததும் நெற்றித் தசை ஓய்வெடுக்கும்; புருவம் இறங்கும். கொஞ்சம் அதிகமாக இறங்கினால், "ஏன் கோபமா இருக்கீங்க?" என்று கேள்வி மாறிவிடும்! அதனால்தான் நல்ல டாக்டர், நெற்றியைத் தளர்த்தச் சொல்லிவிட்டு, புருவம் நிஜமாக எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பார்.

மேலே தோலை அதிகமாக எடுத்துவிட்டால் கண் முழுசாக மூடாது, உலர்ந்து எரியும். கீழ் இமையில் அதிகம் எடுத்தால் இமை கீழே இழுபட்டு, கருவிழிக்கு அடியில் வெள்ளை தெரியும். எப்போதும் திடுக்கிட்டது போன்ற பார்வை! அதைச் சரிசெய்ய, சில சமயம் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டி வரும். ஆகவே, "இன்னும் கொஞ்சம் எடுங்க டாக்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கத்தையும் போக்கச் சொல்கிறவர்கள் உண்டு. மனசாரச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றிய தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு டாக்டர் துஷேன் 1862-லேயே எழுதியிருக்கிறார். என்னைக் கேட்டால், அந்தச் சுருக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓர் இமை மட்டும் திடீரென இறங்கினாலோ, சாயங்காலம் ஆக ஆக அதிகமாகச் சரிந்தாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ அது அழகுப் பிரச்னை அல்ல. நரம்பு, தசைக் கோளாறாக இருக்கலாம். உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி.பி., ஆஸ்பிரின் மாத்திரை எதையும் சர்ஜனிடம் மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கடும் வலியோடு பார்வை மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிவது அபூர்வம்தான். ஆனால், பார்வையே பறிபோகலாம்.

சர்ஜனைப் பார்க்கப் போகும்போது சினிமா நடிகை படம் வேண்டாம். உங்கள் பழைய ஆல்பத்திலிருந்து, நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கும் போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள்.