பர்ரன்: பாறையும் குடிகளும்

ஐர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில், க்ளேர் ஜில்லாவின் வடபாகத்தில், பர்ரன் என்றொரு மேட்டுநிலம் உளது. ஐரிஷ் பாஷையில் இப்பெயருக்குக் கல் நிறைந்த இடம் என்பது பொருள். பெயருக்கேற்பச் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மேலே மண்ணின்றிப் பல மைல் தூரம் பரந்து, படிப்படியாகக் குன்றுகளாய் உயர்ந்து செல்கின்றது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இஃது ஒன்றுக்கும் உதவாத பாழ்நிலமாகவே தோன்றும். அத்தோற்றம் எத்துணைப் பொய் என்பதையும், அந்நிலத்தைக் காப்பவர் உண்மையில் யார் என்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

1651-ஆம் வருஷத்தில் கிராம்வெல்லின் சேனாதிபதிகளில் ஒருவனாகிய லட்லோ இவ்வழியே படை நடத்திச் சென்றான். மனிதரைக் கொல்வதற்கும் கொன்றபின் புதைப்பதற்கும் வேண்டிய வசதிகள் இங்கு இல்லை என்பதே அவன் கண்ட பெருங்குறை. ஆயினும், பாறை இடுக்குகளில் முளைக்கும் புல்லை மேய்ந்து மாடுகள் கொழுத்திருக்கின்றன என்பதையும் அவன் குறித்து வைக்க நேர்ந்தது. சில வருஷங்களுக்குள், நிலம் பறிக்கப்பட்ட கத்தோலிக்க நிலச்சுவான்தார்கள் ஷானன் நதிக்கு மேற்கே குடிபோகுமாறு உத்தரவாயிற்று. அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை கொனாக்ட் மாகாணமும் இந்தக் க்ளேர் ஜில்லாவுமே. வென்றவன் விரும்பாத நிலத்தில் தோற்றவன் பிழைக்க வேண்டியதாயிற்று. அவன் பிழைக்கவும் செய்தான்.

இப்பாறையின் வரலாறு மிகப் பழமையானது. சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன், உஷ்ணப் பிரதேசத்துக் கடலொன்றின் அடியில் சிப்பிகளும் பவளங்களும் படிந்து இறுகியதே இச்சுண்ணாம்புக் கல் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கூறுவர். பிற்காலத்தில் பனிப்பாளங்கள் இதன் மீது ஊர்ந்து இழைப்புளி போட்டதுபோல் இழைத்தன. மழைநீர் கல்லைக் கரைத்து நீண்ட பிளவுகளை அறுத்தது. இங்கே ஆறுகள் மிக அரிது. பெய்யும் நீரெல்லாம் பிளவுகளின் வழியே பாதாளத்திற்குச் சென்றுவிடும். மாரிக்காலத்தில் அந்நீரே கீழிருந்து பொங்கி எழுந்து தாழ்நிலங்களில் ஏரியாகத் தேங்கும். மழை ஓய்ந்தால் வந்த வழியே மறையும். இவ்வேரிகளுக்கு ‘டர்லஃ’ என்று பெயர். மாரியில் ஏரியாகக் கண்ட இடத்தைக் கோடையில் மேய்ச்சல் தரையாகக் காணலாம். நிலத்தடியில் நீண்ட குகைகள் உள்ளன. ஐல்வீ என்னும் குகையில், அந்நாட்டில் என்றோ அற்றொழிந்த கரடிகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன.

இதனினும் வியப்பு இங்குள்ள பூக்களே. ஆல்ப்ஸ் மலைக்குரிய நீல ஜென்ஷியனும், துருவப் பிரதேசத்திற்குரிய வெண்மலர்ச் செடியும், மத்தியதரைக் கடற்கரைக்குரிய ஆர்க்கிட் வகையும் அருகருகே மலர்கின்றன. ஐர்லாந்தின் சுதேசத் தாவர வகைகளில் 70 சதவீதத்திற்கு மேற்பட்டவை இச்சிறு பரப்பில் உள்ளன. பாழென்று இகழப்பட்ட இடத்தின் செல்வம் இதுவாம்.

பர்ரன் எக்காலத்தும் இவ்வாறு மொட்டையாக இருந்ததில்லை. ஏரிச் சேற்றில் படிந்துள்ள மகரந்தத் துகள்களைச் சோதித்ததில், முன்பு இங்கே பைன் மரங்களும் ஹேஸல் மரங்களும் செறிந்திருந்தன என்று புலனாகின்றது. கற்கால உழவர்கள் காட்டை அழித்து மாடு மேய்த்தார்கள். மரம் போன பின் மண்ணும் மழையில் கரைந்து பாறைப் பிளவுகளுக்குள் போயிற்று. எனவே நாம் இன்று காணும் வெறும் பாறை, இயற்கையும் மனிதனும் சேர்ந்து செய்த வேலையாகும்.

அந்த உழவர்கள் யாவர்? இதற்கு விடை கூறுவது புல்னப்ரோன் என்னுமிடத்துக் கற்றிட்டை. ஆள் உயரக் கற்களை நிறுத்தி, சுமார் 12 அடி நீளமுள்ள பலகைக் கல்லை மேலே சாய்த்து மூடிய ஈமச் சின்னம் அது. 1985-இல் நிலைக்கல் ஒன்றில் வெடிப்புக் காணப்பட்டது. அதைச் செப்பனிடுங்கால், 1986-லும் 1988-லும் ஆன் லின்ச் என்னும் ஆராய்ச்சியாளர் தலைமையில் அங்கே அகழ்ந்து பார்த்தனர். முப்பதுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கலந்து கிடந்தன. கி.மு. 3800 முதல் கி.மு. 3200 வரை, அறுநூறு ஆண்டுக்காலம் அங்கே இறந்தோரை இட்டு வந்தனர். மெருகிட்ட கற்கோடரியும் மட்பாண்டச் சில்லுகளும் உடன் கிடைத்தன. நாற்பது வயது கடந்தவர் ஒருவரே. சுமை தூக்கித் தேய்ந்த மூட்டுகளும், சிறுவயதில் உணவின்றியும் நோயுற்றும் வாடியதைக் காட்டும் பற்களும், ஆயுதத்தின் முனை தைத்த இடுப்பெலும்பு ஒன்றும், அவர்கள் வாழ்வு எளிதாயிருக்கவில்லை என்பதற்குச் சான்றாவன.

அக்குழுவில் ஒரு பச்சிளங் குழந்தையும் இருந்தது. 2020-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியினால், அக்குழந்தை ‘டவுன் ஸின்ட்ரோம்’ என்னும் பிறவிக் குறை உடையதென்று தெரிய வந்தது. இக்குறை உலகில் உறுதிசெய்யப்பட்ட மிகப் பழைய உதாரணம் அதுவே. தாய்ப்பால் ஊட்டி வளர்த்ததற்கான அடையாளமும் எலும்பில் காணப்பட்டது. பஞ்சமும் உழைப்பும் வருத்திய அம்மக்கள், குறையுடன் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டினார்கள்; அது இறந்தபின் தங்கள் பெரியோர் கிடந்த இடத்திலேயே இடம் தந்தார்கள். நாகரிகம் என்னும் சொல்லை எழுத்தும் நகரமும் உடையார்க்கே உரிமையாக்குவோர் இதைச் சிந்திப்பாராக.

புல்னப்ரோன் என்னும் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாத்திரிகர் பலர் இதற்குத் ‘துயரக் குழி’ என்று பொருள் சொல்வர். ஐரிஷ் பாஷையில் துயரத்திற்கும் திரிகைக் கல்லுக்கும் உரிய சொற்கள் வடிவில் ஒத்திருப்பதால் நேர்ந்த மயக்கம் அது. ‘திரிகைக் கற்களின் குழி’ என்பதே நேர்ப்பொருள். பாஷை அறியாதவன் சமாதியைக் கண்டு துயரத்தைப் பெயரில் ஏற்றுகின்றான். அறிந்தவனோ, மாவரைக்கும் குடும்பத்தின் சப்தத்தைப் பெயரில் கேட்கின்றான்.

கற்றிட்டை இஃதொன்றுதான் என்று எண்ணலாகாது. பிற்காலத்து ஆப்பு வடிவச் சமாதிகள் பர்ரனில் எழுபதுக்குக் குறையாமல் உள்ளன. 1932-இல் க்ளெனின்ஷீன் என்னுமிடத்தில் பாறைப் பிளவொன்றினுள் கிடைத்த பொற்கண்டிகை, கி.மு. 800-ஐ ஒட்டிய காலத்துத் தட்டாரின் திறமைக்குச் சாட்சியாக இன்று டப்ளின் பொருட்காட்சிச்சாலையில் விளங்குகின்றது.

இந்நிலத்தில் இன்றும் உயிரோடிருக்கும் பழமை ஒன்றுண்டு. ஐரோப்பாவின் பிற மலைநாடுகளில் மாடுகளைக் கோடையில் மேலே ஓட்டிக் குளிர்காலத்தில் கீழே இறக்குவர். பர்ரன் குடியானவன் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றான். கோடை வெயிலைக் குடித்த பாறை குளிர்காலத்தில் சூட்டை மெல்லக் கக்கும். நீர் தேங்காததால் தரை உலர்ந்திருக்கும். மாரியில் ஊற்றுகளும் சுரக்கும். ஆகவே குளிர் தொடங்கும்போது மாடுகள் குன்றேறுகின்றன. அவை பழைய புல்லை மேய்ந்து தீர்ப்பதனால் வசந்தத்தில் பூக்கள் தடையின்றி எழுகின்றன. மேய்ச்சல் குறைந்த இடங்களில் ஹேஸல் புதர் மண்டிப் பூக்களையும் புராதனச் சின்னங்களையும் மூடியது. இதை உணர்ந்து, 2005-இல் குடியானவர்களையே துணைக்கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கினர். 2010 முதல், மேய்ச்சல் தரையின் செழுமைக்கு மதிப்பெண் இட்டு அதற்கேற்பக் குடியானவனுக்குப் பணம் கொடுக்கும் முறையும் வந்தது.

ஆனால் சர்க்கார் முதலில் எண்ணிய வழி வேறு. 1991-இல் முல்லக்மோர் என்னும் அழகிய குன்றின் அடியில் யாத்திரிகர் நிலையமொன்று கட்டப் பொதுமராமத்து இலாகா முற்பட்டது. மண் வடிகட்டாத பாறை நிலத்தில் கழிவு நிலத்தடி நீருக்குள் இறங்குமென்றும், வண்டிகள் பெருகிக் குறுகிய சாலைகளை அடைக்குமென்றும் ஒரு சாரார் எதிர்த்தனர். பிழைப்பின்றி இளைஞர் ஊரை விட்டுப் போகும் இடத்தில் வேலை வருவதைத் தடுப்பதா என்று மற்றொரு சாரார் கேட்டனர். இவர்கள் கேள்வியும் நியாயமானதே. ஊரார் இரு கட்சியாய்ப் பிரிந்தது வருந்தத்தக்கது. விவகாரம் கோர்ட்டுக்குச் சென்றது. கட்டட அனுமதிச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று சர்க்கார் தரப்பில் வாதித்தனர். 1993-இல் ஹைக்கோர்ட் அதை மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டும் அனுமதி வேண்டுமென்றே தீர்ப்பளித்தது. முடிவாக 2000-த்தில் திட்ட அனுமதிச் சபை அனுமதி மறுத்தது.

சட்டம் ராஜாவைக் கட்டாது என்பது ஆங்கில முடியாட்சியின் பழங்கொள்கை. முடியைத் தள்ளிய தேசத்தில் அம்முடியின் சலுகையைச் சொந்த சர்க்கார் தலையில் சூட்டிக்கொள்ள முயன்றதை அந்நாட்டு நீதிபதிகள் ஏற்கவில்லை. ஒரு கட்டடம் நின்றது என்பதைவிட இதுவே பெரிய லாபம் என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் தீர்ப்பு மட்டும் நிலத்தைக் காத்துவிடாது. தேவையற்ற கட்டடத்தைக் கோர்ட் தடுக்கலாம். புதரைத் தடுப்பது குளிர்காலத்தில் குன்றேறும் மாடும் அதை ஓட்டிச் செல்லும் குடியானவனுமே. புராதனச் சின்னங்களைக் காக்க முற்படும் எந்த சர்க்காரும், வேலி போடுமுன் அங்கே வாழ்வோன் பிழைப்பதற்கு வழி காண்க. அவன் ஊரை விட்டுப் போன பிறகு கல் மிஞ்சலாம், பர்ரன் மிஞ்சாது.