மைக்ரோவேவ் அடுப்பும் பாட்டியின் காதும்

2024 நவம்பர். பெங்களூருவில் மூன்று இளைஞர்கள் அலுமினியத் தாளையும் செம்பு வலையையும் சுற்றி ஒரு பெட்டி கட்டினார்கள். ஒரு மைக்ரோவேவ் அடுப்பும் துணைக்கு வந்தது. சமையலுக்கு இல்லை, பாட்டிக்குக் காது கேட்க!

பாட்டிக்கு ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ இயர்போன் வாங்கிக் கொடுத்தாயிற்று. அதைக் காது மிஷினாக்கும் மென்பொருளை ஆப்பிள் அதற்குச் சில நாள் முன்னால்தான், அக்டோபர் கடைசியில், ஐஓஎஸ் 18.1 உடன் வெளியிட்டிருந்தது. ஆனால் இந்தியாவில் அந்த வசதி பூட்டியே இருந்தது. காது மிஷின் என்பது மருத்துவக் கருவி. நாட்டுக்கு நாடு தனி அனுமதி வேண்டும். பேரப் பிள்ளைகளுக்கு அதுவரை பொறுமை இல்லை.

ஏர்பாட்ஸோடு இணைக்கும் ஐபோனோ ஐபேடோ எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பூட்டு திறக்கும். அப்படியொரு சாதனம் தான் இருக்கும் ஊரை அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களை வைத்தும் கணிக்கிறது. அதனால் பெங்களூரு வைஃபை உள்ளே நுழையாதபடி பெட்டியால் மறித்தார்கள். இஎஸ்பி32 என்ற மலிவான சிப்பைக் கொண்டு, கலிஃபோர்னியாவில் உள்ள ரவுட்டர்களின் அடையாளங்களை உள்ளே ஒலிபரப்பினார்கள். மைக்ரோவேவ் எதற்கு? அந்த அடுப்பும் வைஃபையும் ஏறக்குறைய ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குபவை. அடுப்பின் இரைச்சல் உள்ளூர் சிக்னலை அமுக்கிவிடும். சாதனம் தான் அமெரிக்காவில் இருப்பதாகவே நம்பியது, பூட்டு திறந்தது.

இவ்வளவு மெனக்கெட்டுத் திறக்கும்படி உள்ளே என்ன இருக்கிறது?

வீட்டில் பெரியவர்களுக்குக் காது மந்தமானால் நாம் கத்துகிறோம். எல்லா ஓசையும் ஒரே அளவில் குறைந்துவிட்டதாக நினைப்பு. நடப்பது வேறு. உட்காதின் நத்தைச் சுருளுக்குள் பிறக்கும்போது சுமார் 15 ஆயிரம் மயிர்ச் செல்கள் இருக்கும். கீச்சென்ற உயர் ஒலிகளை வாங்கும் செல்கள் சுருளின் வாசலில் இருக்கின்றன. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் தேய்வது அவைதான். உயிரெழுத்தின் கனத்த ஓசை வந்து சேரும். க, ச, த, ப என்கிற வல்லினத்தின் மெல்லிய வெடிப்பு வழியில் நழுவிவிடும்.

“பால் வேணுமாம்மா?”

“காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு.”

“பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியலை” என்று பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை, அப்படியே உண்மை. கத்தும்போது ‘ஆ’தான் பெருக்கிறது, ‘ப’ பழையபடிதான் இருக்கிறது.

ஆகவே நல்ல காது மிஷின் வெறும் ஒலிபெருக்கி இல்லை. எந்த அலைவரிசையில் எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு கூட்டும். குக்கர் விசில் அடித்தால் அதைக் கூட்டாமல் அடக்கும். அந்த அளவை எடுப்பது செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டின் வேலை. ஏர்பாட்ஸ் அதைச் சில நிமிடப் பரிசோதனையாகச் சுருக்கிவிட்டது. கீச்சொலி கேட்கும்போதெல்லாம் திரையைத் தட்டினால் போதும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்தக் காது மிஷின் மென்பொருளுக்கு அனுமதி தந்தது. 118 பேரை வைத்து நடந்த ஆய்வில், தாங்களாகவே அளவு வைத்துக்கொண்டவர்களும் நிபுணரிடம் அளவு வைத்தவர்களும் ஏறக்குறைய ஒரே பலனை உணர்ந்தார்கள். 18 வயதுக்கு மேல், லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்பது நிபந்தனை. கடுமையான குறைபாட்டுக்கு இது உதவாது. திடீரென்று ஒரு காது மட்டும் அடைத்துப்போனால் ஆப்பைத் தேடக் கூடாது. அன்றைக்கே இஎன்டி டாக்டரிடம் போக வேண்டும்.

போனும் காது மிஷினும் கைகோத்த கதை இதற்கும் பழையது. முன்பெல்லாம் போன் பேச்சை நேராக மிஷினில் கேட்க, கழுத்தில் தாலிக்கொடி மாதிரி ஒரு கருவியைத் தொங்கவிட வேண்டியிருந்தது. அது போனிலிருந்து புளூடூத்தில் வாங்கி, காந்தப் புலம் வழியாகக் காதுக்கு அனுப்பும். இடைத்தரகர் ஏன்? ஒன்று, பட்டன் மாதிரி இருக்கும் 1.4 வோல்ட் ஜிங்க்-ஏர் பேட்டரியை அந்தக் காலத்துப் புளூடூத் சீக்கிரமே உறிஞ்சித் தீர்த்துவிடும். இன்னொன்று, நம் தலை. புளூடூத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அடுப்பில் சாம்பாரைச் சூடாக்கும் அந்த அலையை, நீர் நிறைந்த மண்டையும் விழுங்கும். இடது காதிலிருந்து வலது காதுக்குச் சிக்னல் தாண்டுவதே பெரும்பாடு.

சிக்கனமான புளூடூத் வந்த பிறகு கழுத்துக் கருவி தேவைப்படவில்லை. 2014-இல் டென்மார்க்கின் ஜிஎன் ரீசவுண்ட் நிறுவனம் ஐபோனோடு நேராகப் பேசும் லிங்க்ஸ் மிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-இல் காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் 7 வந்தபோது, உட்காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் வைத்தவர்களுக்கும் அந்த வழி திறந்தது. அடுத்த வருடம் கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு வழி அறிவித்தது.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைத் தீர்க்க வேண்டும். காதில் விழும் பேச்சைப் போன் வாங்கி, சுத்தம் செய்து திருப்பி அனுப்புவதாகப் பலர் எண்ணுகிறார்கள். சாதாரணமாக அந்த வேலையைக் காதில் இருக்கும் சிப்பே முடித்துவிடும். சுமார் 10 மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும். தாமதமானால் தன் குரலே தனக்கு இரட்டையாகக் கேட்கும். போனுக்குப் போய்த் திரும்பும் பயணத்துக்கு அந்த நேரம் போதாது.

போன் உண்மையில் கைகொடுப்பது வேறொரு இடத்தில். ஆப்பிள் அதை ‘லைவ் லிஸன்’ என்கிறது. பேசுபவர் பக்கத்தில் போனை வைத்துவிட்டால் அதன் மைக் காதுக்குத் தூதாக வேலை செய்யும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் இருப்பவரின் குரலை அரை மீட்டரில் பிடித்தால், எந்த மென்பொருளும் இல்லாமலே 18 டெசிபல் ஆதாயம். ஹோட்டலில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே போனை எதிரே இருப்பவரின் தம்ளரோரம் நகர்த்தி வைப்பது, பல ஆயிரம் ரூபாய் இரைச்சல் வடிகட்டியைவிடப் பலன் தரலாம். வாய் அசைவுக்கும் குரலுக்கும் சற்றே இடைவெளி விழும், அவ்வளவுதான்.

ஏர்பாட்ஸின் குறைகளும் சின்னவை இல்லை. பாட்டிக்கு வாங்கிய அந்த மாடலில் ஒரு சார்ஜ் சுமார் 6 மணி நேரம் தாங்கும்; கல்யாண மண்டபத்துக்குப் போதும், காலையிலிருந்து இரவு வரைக்கும் காணாது. அளவு வைக்க ஐபோனோ ஐபேடோ வேண்டும். பேரன் ஆபீஸ் போய்விட்டால் பாட்டி யாரைக் கேட்பார்?

இன்னொரு சங்கடமும் உண்டு. காது மிஷினை மறைத்து வைக்கத்தான் இத்தனை காலம் பாடுபட்டார்கள்; காதுக்குள்ளேயே ஒளியும் மாடல்கள் அதற்காகவே வந்தன. ஏர்பாட்ஸுக்கு அந்த வெட்கம் இல்லை, கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் மாட்டிக்கொண்டு திரிவதுதானே. ஆனால் வங்கிக் கவுன்ட்டரில் அதை மாட்டிக்கொண்டு நிற்கும் பெரியவரை, பாட்டுக் கேட்கிறார் போல என்று நினைத்து, அவர் அதைக் கழற்றும்வரை பேசாமல் காத்திருக்கிறார்கள் எதிரே இருப்பவர்கள்.